நெஞ்சின் பாரம் எங்கிருந்து வருகிறது?

2019 ஆகஸ்டில் இணையவழி ஏலத்தில் ஒரு கிலோ ஏலக்காய் அதிகபட்சமாக 7,000 ரூபாய்க்கு விலைபோனது. மூன்றே ஆண்டுகளில், 2022இல், சராசரி விலை ஆயிரத்துக்குக் கீழே இறங்கிவிட்டது. நறுமணப் பொருள் வாரியத்தின் ஏல மையங்கள் தமிழ்நாடு-கேரள எல்லையில் ஏலமலையின் அடிவாரத்துப் போடிநாயக்கனூரிலும், மலைக்கு அந்தப் பக்கம் இடுக்கி மாவட்டத்துப் புற்றடியிலும் இருக்கின்றன. விலை உச்சிக்குப் போன ஆண்டிலும் எல்லோரும் சம்பாதித்துவிடவில்லை. 2018 ஆகஸ்டு வெள்ளமும் அதற்குப் பின் வந்த வறட்சியும் தோட்டங்களை அழித்ததால்தான் அந்த விலையே வந்தது. விலை இருந்தபோது காய் இல்லை. காய் வந்தபோது விலை இல்லை.

இந்த ஏற்ற இறக்கத்தை நம்பித்தான் தோட்டக்காரர், வியாபாரி, குடோனில் காய் தரம் பிரிக்கும் பெண்கள், விடியுமுன் ஜீப்பில் ஏறிப் போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து தோட்டத்துக்குப் போகிறவர்கள் என்று பல ஆயிரம் குடும்பங்கள் வாழ்கின்றன. அவர்களில் ஒருவருக்குத் தூக்கம் கெடுகிறது. காரணமில்லாமல் நெஞ்சு படபடக்கிறது. எதைத் தொட்டாலும் அலுப்பு. அவருக்கு வந்திருப்பது என்ன? உடல் கோளாறா, மனத்தின் தளர்ச்சியா, வேலையின் விளைவா, கடனின் அழுத்தமா? மிகப் பழைய கேள்வி இது. விடைகளும் பல. எந்த விடையை ஏற்கிறோமோ அதைப் பொறுத்தே மருந்தும் மாறும், பொறுப்பேற்க வேண்டியவரும் மாறுவார். அதனால் இந்த விடைகளை ஒவ்வொன்றாக எடைபோட்டுப் பார்ப்பது அவசியமாகிறது.

தெய்வம், விலங்கு, கள்வர், அரசு

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் அச்சத்தை எட்டு மெய்ப்பாடுகளில் ஒன்றாக வைக்கிறது. அது பிறக்கும் இடங்களாக நான்கைச் சொல்கிறது: தெய்வம், விலங்கு, கள்வர், தம்மை ஆள்பவர். நான்குமே மனிதருக்கு வெளியே இருப்பவை. இந்தப் பட்டியல் இன்றைய ஏலமலைக்குப் பொருந்துவது வியப்பளிக்கிறது. சின்னக்கானல், சாந்தன்பாறை பகுதிகளில் அரிசிக்காக ரேஷன் கடைகளை உடைத்த அரிக்கொம்பன் யானை 2023 ஏப்ரலில் பிடிக்கப்பட்டுப் பெரியாறு காட்டில் விடப்பட்டது. அடுத்த மாதமே அது கம்பம் நகரத் தெருவில் நடந்தது. அந்த நாட்களில் மலையிலும் அடிவாரத்திலும் இருந்தவர்களின் பயத்தை மனநோய் என்று யாரும் சொல்லமாட்டார்கள். 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு அணைச் சிக்கல் முற்றியபோது இடுக்கித் தோட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர்கள் குடும்பத்தோடு இறங்கி வந்தார்கள். அந்தப் பயம் இரண்டு அரசுகளுக்கு இடையிலான வழக்கிலிருந்து வந்தது.

இந்த விடைக்கு எல்லையும் உண்டு. மெய்ப்பாட்டியல் உணர்ச்சி எப்படி வெளிப்படுகிறது என்பதைச் சொல்லும் இலக்கணம். நோயைப் பற்றிய நூல் அல்ல. யானை போன பிறகும் போகாத பயத்துக்கு அதில் இடமில்லை. அந்த இடத்தைச் சித்த மருத்துவம் நிரப்பப் பார்த்தது. அகத்தியர் பெயரில் வழங்கும் கிரிகை நூல் மனக் கோளாறுகளைப் பதினெட்டாகப் பிரித்து, வாத பித்த கபக் கேட்டோடு இணைக்கிறது.

மக்கள் வழக்கில் இன்னொரு விடை இருக்கிறது: நேரம் சரியில்லை. தேனி மாவட்டத்துக் குச்சனூர் சனீஸ்வரர் கோயிலுக்குச் சனிக்கிழமைகளில் வரும் கூட்டத்தில் பெரும்பகுதி இந்த விடையோடு வருகிறது. இதை மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால், தன் கஷ்டத்துக்குத் தானே காரணம் என்ற குற்றவுணர்விலிருந்து ஒருவரை இது விடுவிக்கிறது. கெட்ட காலத்துக்கு ஒரு முடிவு நாளும் குறித்துக் கொடுக்கிறது. 2002இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஆர். ரகுராமும் உடன் ஆய்வாளர்களும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசுவாமி கோயிலில் தங்கிய, கடுமையான மனநோய் கொண்ட 31 பேரை அவர்கள் கவனித்தார்கள். மருந்து இல்லாமலே நோய்க்குறி மதிப்பெண் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு இல்லாத சிறிய ஆய்வு என்பதால், குணமாக்கியது கோயிலா, ஓய்வா, குடும்பத்தார் கூடவே இருந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாது. அதற்கு முந்தைய ஆண்டு ஆகஸ்டு 6 அன்று ஏர்வாடி தர்காவை ஒட்டிய மனநலக் காப்பகத்தில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் கருகி இறந்ததையும் சேர்த்தே இந்த ஆய்வைப் படிக்க வேண்டும். வழிபாட்டுத் தலம் ஆறுதல் தரலாம். கண்காணிப்பு இல்லாவிட்டால் அதே இடம் சிறையாகவும் ஆகிவிடுகிறது.

உடல் சொல்லும் கதை

நவீன அறிவியல் முதலில் உடலைப் பார்த்தது. அமெரிக்க உடலியலாளர் வால்டர் கேனன் 1915இல் வெளியிட்ட நூலில், அபாயம் வந்தால் எதிர்க்கவோ ஓடவோ உடல் தயாராவதை விளக்கினார்: இதயம் வேகமெடுக்கும், ரத்தம் தசைகளுக்குப் பாயும், செரிமானம் நின்றுபோகும். 1936இல் மான்ட்ரியலில் இருந்த ஹான்ஸ் செல்யே, எலிகளைக் குளிர், காயம், விஷம் என்று வெவ்வேறு துன்பங்களுக்கு உட்படுத்தியும் உடலில் ஒரே வகை மாற்றங்களே வந்ததை நேச்சர் இதழில் எழுதினார். முதலில் அலறல், பிறகு தாக்குப்பிடித்தல், கடைசியில் ஓய்ந்துபோதல் என்ற அவருடைய மூன்று கட்டங்கள்தான் 'ஸ்ட்ரெஸ்' என்ற சொல்லை உலகெங்கும் கொண்டுபோயின. 1993இல் புரூஸ் மெக்யூவன் இதை மேலும் எடுத்துச் சென்றார்: ஒரே ஒரு பெரிய அதிர்ச்சி மட்டும் உடலைக் கெடுப்பதில்லை, நாள்தோறும் சிறிது சிறிதாக வரும் பதற்றமும் ரத்தநாளத்தையும் சர்க்கரையையும் தூக்கத்தையும் தேய்க்கிறது.

ஏலத்தோட்டத்துக்கு இந்த விடை ஒன்றைத் தெளிவாக்குகிறது. ஏலக்காய் கண் உயரத்தில் காய்ப்பதில்லை. தூரில் தரையை ஒட்டிப் படரும் சரத்தில் காய்க்கிறது. குனிந்து, ஈரத்தில் கால் வைத்து, அட்டைக்கடியோடு, இளங்காயை விட்டுவிட்டு முற்றிய காயை மட்டும் கிள்ள வேண்டும். அந்த உடல், 'மனசு சரியில்லை' என்பதை இடுப்புவலியாகவும் தலைச்சுற்றலாகவும் நெஞ்செரிச்சலாகவுமே டாக்டரிடம் சொல்கிறது. வலி மாத்திரையோடு திரும்புகிறவர்கள் ஏராளம்.

செல்யேயின் கோட்பாட்டில் ஓட்டைகளும் உண்டு. எல்லாத் துன்பமும் ஒரே வகை விளைவையே தரும் என்பதைப் பின்வந்த ஜான் மேசன் மறுத்தார். எதிர்பாராமையும் கையறு நிலையும் இருக்கும்போதுதான் ஹார்மோன்கள் பெரிதாக எகிறுகின்றன என்றார். இன்னொரு செய்தியும் பின்னாளில் வெளிவந்தது. செல்யேயின் ஆய்வுகளுக்குப் புகையிலை நிறுவனங்கள் பணம் கொடுத்திருந்ததை மார்க் பெட்டிக்ரூ, கெல்லி லீ ஆகியோர் அந்த நிறுவனங்களின் ஆவணங்களிலிருந்தே 2011இல் எடுத்துக் காட்டினார்கள். இதயநோய்க்கு ஸ்ட்ரெஸ்தான் காரணம் என்றால் சிகரெட் தப்பித்துக்கொள்ளும் அல்லவா? அறிவியல் பொய் என்று இதற்குப் பொருளில்லை. மன அழுத்தம் என்ற பேச்சால் யாருக்கு லாபம் என்று கேட்கும் பழக்கம் நமக்குத் தேவை என்பதை இது காட்டுகிறது.

மனம் போடும் கணக்கு

1960களில் ரிச்சர்ட் லாசரஸ் ஒரு சோதனை செய்தார். வலி தரும் சடங்கைக் காட்டும் ஒரே படத்தை வெவ்வேறு பின்னணி விளக்கத்தோடு பார்வையாளர்களுக்குப் போட்டுக் காட்டினார். வலியை அழுத்திச் சொன்ன விளக்கத்தைக் கேட்டவர்களின் உடல் அதிகமாகப் பதறியது. விலகி நின்று விளக்கியதைக் கேட்டவர்களின் உடல் குறைவாகப் பதறியது. நிகழ்வைவிட, 'இது எனக்கு ஆபத்தா? என்னால் சமாளிக்க முடியுமா?' என்று மனம் போடும் கணக்கே முக்கியம் என்ற முடிவுக்கு அவர் வந்தார். 1984இல் சூசன் ஃபோக்மனோடு எழுதிய நூலில் சமாளிக்கும் வழிகளை இரண்டாகப் பிரித்தார். ஒன்று, சிக்கலையே மாற்றுவது. மற்றொன்று, அது எழுப்பும் உணர்ச்சியைத் தணிப்பது. ஆரோன் பெக்கின் அறிவாற்றல் சிகிச்சையும், 1979இல் ஜான் கபட்-ஜின் தொடங்கிய தியானப் பயிற்சியும் இந்தத் திசையில் வந்தவை. பதற்ற நோய்க்கு அறிவாற்றல் சிகிச்சை பலன் தருகிறது என்பதற்கு வலுவான சான்று உண்டு. மனம் சார்ந்த விடையின் பெரிய கொடை இது.

இதன் பலவீனம் நடைமுறையில் தெரிகிறது. சிக்கலை மாற்றும் வாய்ப்பு எல்லோருக்கும் ஒரே அளவில் இல்லை. ஏல விலையையோ மழையையோ ஜீப் ஓடும் பாதையையோ ஒரு கூலிப்பெண் மாற்ற முடியாது. இரண்டாவது வழியை மட்டும் அவரிடம் கொடுத்து, 'நேர்மறையாக யோசியுங்கள்' என்றால், நிலைமையின் சுமையோடு தேறாமல் போன பழியும் அவர் தலையில் ஏறுகிறது. வசதியான அலுவலகங்களிலேயே இந்த வழி தடுமாறுகிறது. பிரிட்டனில் 233 நிறுவனங்களின் 46,336 ஊழியர்களைப் பற்றிய தரவை ஆராய்ந்து வில்லியம் ஃபிளெமிங் 2024இல் வெளியிட்ட கட்டுரை, மனவலிமை வகுப்பு, தியானச் செயலி போன்றவற்றில் கலந்துகொண்டவர்கள் கலந்துகொள்ளாதவர்களைவிட நலமாக இருப்பதாகத் தெரியவில்லை என்றது. ஆனால் அது ஒரு காலப்புள்ளியில் எடுத்த கணக்கு. ஏற்கெனவே சோர்ந்தவர்களே வகுப்புக்கு வந்திருக்கலாம் என்ற ஐயத்தை அதனால் முழுவதும் நீக்க முடியாது.

வேலை, மதிப்பு, ஓய்ச்சல்

பணிச்சோர்வு என்ற கருத்தின் பிறப்பிடம் நியூயார்க்கின் இலவச மருத்துவமனை ஒன்று. அங்கே தன்னார்வலர்கள் ஆர்வத்தோடு வந்து சில மாதங்களில் வெறுமையாகிப் போவதை ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர் 1974இல் எழுதினார். கிறிஸ்டினா மாஸ்லாக் 1981இல் அதற்கு ஓர் அளவுகோலை உருவாக்கினார். உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்ற பதினோராவது நோய் வகைப்பாட்டில் இது வேலை சார்ந்த நிலை என்று குறிக்கப்பட்டது; நோயாக வைக்கப்படவில்லை. சக்தி வற்றுதல், வேலையிலிருந்து மனம் விலகுதல், 'என்னால் எதுவும் ஆகவில்லை' என்ற எண்ணம் ஆகிய மூன்றும் அதன் அடையாளங்கள்.

செவிலியரையும் சமூகப் பணியாளரையும் கண்டு வடித்த இந்த அச்சு, ஏலமலைப் பெண்ணுக்கு அப்படியே பொருந்துமா என்பது ஐயமே. விடியுமுன் எழுந்து சோறாக்கி, மலையேறி, மாலையில் இறங்கி, மறுபடி அடுப்படிக்குப் போகிறவருக்கு 'வேலை' எங்கே தொடங்கி எங்கே முடிகிறது? வகைப்பாட்டின் கணக்கில் வீட்டு வேலை சேராது. மனம் விலகிவிட்டால் வேலையை விடும் உரிமையும் அவருக்கு இல்லை.

இன்னும் நெருங்கிப் பொருந்துபவை வேறு இரண்டு கோட்பாடுகள். ராபர்ட் காராசெக் 1979இல் சொன்னது: வேலைப்பளு மட்டும் ஆளைக் கெடுப்பதில்லை, பளு மிகுந்து, தன் வேலையை எப்படிச் செய்வது என்று முடிவெடுக்கும் உரிமையும் இல்லாதபோதுதான் கெடுக்கிறது. மைக்கேல் மார்மட்டின் வைட்ஹால் ஆய்வுகள் இதற்குத் துணை நிற்கின்றன. 1967இல் தொடங்கிய அவற்றில், பிரிட்டிஷ் அரசு ஊழியர்களில் மேலதிகாரிகளைவிடக் கீழ்நிலை ஊழியர்களே இதயநோயால் அதிகம் இறந்தார்கள். 1996இல் யோஹானஸ் சீக்ரிஸ்ட் வேறொரு கோணத்தைச் சேர்த்தார்: போட்ட உழைப்புக்கும் கிடைத்த கூலி, மரியாதை, வேலை உறுதிக்கும் இடையே உள்ள இடைவெளியே நோயாகிறது.

இந்த இடைவெளியைத் தோட்டத் தொழிலாளர்களே எடுத்துச் சொன்ன நிகழ்வு 2015 செப்டம்பரில் மூணாறில் நடந்தது. தேயிலைத் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள், தொழிற்சங்கத் தலைவர்களை ஒதுக்கி வைத்துவிட்டு, 'பெம்பிளை ஒருமை' என்ற பெயரில் சாலையில் அமர்ந்து 20 சதவீத போனஸ் கேட்டு வென்றார்கள். மன அழுத்தம் பற்றிய நூல்களில் இந்தப் போராட்டம் இடம்பெறுவதில்லை. இடம்பெற வேண்டும். சிக்கலையே மாற்றுவது என்று லாசரஸ் சொன்ன வழி தனி ஆளுக்கு அடைபட்டிருந்தபோது, கூட்டமாகச் சேர்ந்து அதைத் திறந்த செயல் அது. ஆனால் ஒரே நிறுவனத்தின் கீழ் ஆயிரக்கணக்கானோர் லயம் எனும் வரிசை வீடுகளில் சேர்ந்து வாழும் தேயிலைக்கும், சிறு தோட்டங்களாகச் சிதறிக் கிடக்கும் ஏலத்துக்கும் வேறுபாடு பெரிது. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் ஏலத்தையும் உள்ளடக்கியிருந்தது. எனினும் ஐந்து ஹெக்டேருக்கும் பதினைந்து தொழிலாளர்களுக்கும் குறையாத தோட்டங்களுக்கே அது பொதுவாகப் பொருந்தியது. நாளொரு தோட்டம், நாளொரு ஜீப் என்று போகிறவர் யாரிடம் போய்க் கேட்பது?

கையில் காசில்லாத மாதம்

கடைசியாக வந்த விடை பொருளாதாரம். அதன் முக்கியச் சான்றுகளில் ஒன்று தமிழ்நாட்டிலிருந்தே கிடைத்தது. ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டர் ஷஃபீர், ஜியாயிங் ஜாவ் ஆகியோர் 2013இல் சயின்ஸ் இதழில் வெளியிட்ட ஆய்வு 54 கிராமங்களின் 464 கரும்பு விவசாயிகளைப் பற்றியது. அறுவடைக்கு முன், கையில் காசில்லாதபோது ஒரு முறை. அறுவடைப் பணம் வந்த பின் ஒரு முறை. அதே ஆட்களுக்கு அதே வகை அறிவுத்திறன் தேர்வு. பணம் வருவதற்கு முன் அவர்கள் மோசமாகச் செய்தார்கள். கவலை மூளையின் இடத்தை அடைத்துக்கொள்கிறது என்று ஆசிரியர்கள் விளக்கினார்கள். இரண்டாம் முறை எழுதும்போது பழக்கத்தால் மதிப்பெண் கூடியிருக்கலாம் என்றும், புள்ளியியல் முறை பற்றியும் எதிர்வாதங்கள் வந்தன. விவாதம் இன்னும் ஓயவில்லை.

இந்தோனேசியாவில் ஏழைக் குடும்பங்களுக்கு அரசு கொடுத்த உதவித்தொகை தற்கொலைகளைச் சுமார் 18 சதவீதம் குறைத்தது என்று 2019இல் வந்த ஆய்வு இன்னும் கனமானது. இந்தியாவின் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் 2022இல் பதிவுசெய்த 1,70,924 தற்கொலைகளில் நான்கில் ஒன்றுக்கு மேல் தினக்கூலித் தொழிலாளர்களுடையவை; தமிழ்நாட்டின் எண்ணிக்கை 19,834. காவல்துறைப் பதிவை அடிப்படையாகக் கொண்ட இந்த எண்கள் காரணத்தைச் சொல்பவை அல்ல. பாரம் யார் மேல் அதிகம் விழுகிறது என்பதை மட்டும் காட்டுகின்றன.

சட்டமும் இந்த விடையின் பக்கம் நகர்ந்துவருகிறது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதப்பட வேண்டும், தண்டிக்கப்படக் கூடாது என்றது. கடன் வசூலில் மிரட்டலைத் தடுக்கத் தமிழ்நாடு 2025இல் தனிச் சட்டம் இயற்றியது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், அழுத்தத்தை உண்டாக்கியவரும் பதில் சொல்ல வேண்டும் என்ற எண்ணம் சட்டத்துக்குள் வந்திருப்பது தெரியும்.

பலன் தந்தவை

எது காரணம் என்ற வழக்கு முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லாத சில செயல்கள் உண்டு. ஏலத்துக்கு ஆண்டில் பல முறை பூச்சிமருந்து தெளிக்கப்படுகிறது. மலை வீடுகளில் அந்த டப்பாக்கள் கைக்கெட்டும் இடத்தில் இருக்கின்றன. இலங்கை 1990களில் கடும் நச்சுள்ள பூச்சிமருந்துகளைத் தடைசெய்த பிறகு, பத்தாண்டுகளில் அங்கே தற்கொலை விகிதம் பாதியாகக் குறைந்தது. வறுமையும் போரும் அப்போது அங்கே தீர்ந்துவிடவில்லை. கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் வட்டாரத்தில் ஸ்நேகா தற்கொலைத் தடுப்பு அமைப்பின் நிறுவனர் டாக்டர் லட்சுமி விஜயகுமாரின் குழு, பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் ஊர்ப் பொதுக் கிடங்கில் பூட்டிவைக்கச் செய்து பார்த்தது. மக்கள் ஏற்றுக்கொண்டார்கள், பலனும் நம்பிக்கை தருவதாக இருந்தது. சில ஊர்களோடு நின்ற முயற்சி என்பதால் இதைப் பெரிய அளவில் செய்து பார்ப்பதே அடுத்த படி.

இன்னொன்று, பேசுவதற்கு ஓர் ஆள். கோவாவில் விக்ரம் படேலின் குழு மனநல மருத்துவர் அல்லாத உள்ளூர்க்காரர்களைப் பயிற்றுவித்து, 2010இலும் 2017இலும் வெளியான சோதனைகளில் மனச்சோர்வு கணிசமாகக் குறைவதைக் காட்டியது. முதல் சோதனையில் பலன் அரசு சுகாதார நிலையங்களில் தெரிந்தது. தனியார் மருத்துவர்களிடம் தெரியவில்லை. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பெண் தன்னார்வலர்கள் வீடு வீடாகப் போய் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். 'ராத்திரி தூக்கம் வருதாக்கா?' என்ற கேள்வியையும் அவர்கள் கேட்கப் பழகினால், பகலில் மலையில் இருப்பவரை மாலையில் வீட்டிலேயே கண்டுகொள்ள முடியும். 2022 அக்டோபர் 10 முதல் இயங்கும் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416ஐத் தமிழ்நாட்டிலிருந்தும் கேரளத்திலிருந்தும் கட்டணமின்றி அழைக்கலாம். எல்லையின் இரு பக்கமும் கால் வைத்து வாழ்பவர்களுக்கு இது முக்கியம்.

ஆனாலும் தொலைவு பெரிது. பெங்களூரு மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் 2015-16இல் நடத்திய தேசிய மனநல ஆய்வில், நோயின் வகையைப் பொறுத்து 70 முதல் 92 சதவீதம் பேர் சிகிச்சையே பெறாதவர்களாக இருந்தார்கள்.

தீராத கேள்விகள்

இந்த விடைகளில் எதுவும் முழுப் பொய்யாகவில்லை. உடல் தேய்வது உண்மை. மனம் போடும் கணக்கும் உண்மை. சான்றுகளின் எடையைப் பார்த்தால், சூழலை மாற்றும் செயல்கள், அதாவது நச்சைத் தூரமாக்குவதும் வருமானத்தை நிலைப்படுத்துவதும், ஓர் ஊரையே ஒரே நேரத்தில் தொடுகின்றன. தனி மனித சிகிச்சை அதைத் தேடி வர முடிந்தவரை மட்டுமே தொடுகிறது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. தனி மனித அறிவுரை மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காக மற்றதைத் தள்ளிப்போடுவதுதான் தவறு.

முடிவாகாதவை பல. 2023 செப்டம்பரில் தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகையின் மாதம் 1,000 ரூபாய், இந்தோனேசியாவில் கண்டதைப் போலத் தமிழ்நாட்டிலும் பதற்றத்தைக் குறைக்குமா? ஏலக்காய்க்கு அடிப்படை விலை நிர்ணயித்தால் அதன் நிம்மதி தோட்டக்காரரோடு நின்றுவிடுமா, கூலிக்காரர்வரை இறங்குமா? 2020 ஆகஸ்டில் பெட்டிமுடி நிலச்சரிவில் 70 பேர் இறந்த பிறகு, ஒவ்வொரு மழைக்கும் மலை வீடுகளில் வரும் பயம் நோயா, எச்சரிக்கையா?

அளவுகோலிலும் சிக்கல் இருக்கிறது. பதற்றத்தை அளக்க 2006 முதல் உலகெங்கும் பயன்படும் ஏழு கேள்விப் படிவம், கடந்த இரண்டு வாரம் எப்படி இருந்தது என்று கேட்கிறது. காய் எடுப்பு மும்முரமான அக்டோபரில் ஒரு பதில் வரும். மலையில் வேலை குறைந்து, பள்ளிக் கட்டணமும் வட்டியும் வாசலில் நிற்கும் மே மாதத்தில் வேறு பதில் வரும். போடியிலோ இடுக்கியின் நெடுங்கண்டத்திலோ ஆய்வு செய்யப் புறப்படுகிறவர் முதலில் தீர்மானிக்க வேண்டியது எந்த மாதத்தில் போவது என்பதைத்தான்.